இலை மஞ்சள், நரம்பு பச்சை: ஓர் இட்லிப்பூ வேலியை மீட்ட கதை

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வரிசை வீட்டின் முன்சுவரை ஒட்டி 11 இட்லிப்பூச் செடிகள் இருந்தன. இப்போது 9 இருக்கின்றன. அவற்றில் ஏழு பச்சை பிடித்துப் பூக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தில் செய்தவை, செய்யாமல் இருந்திருக்க வேண்டியவை இரண்டையும் எழுதி வைக்கிறேன். காலையில் நடக்கப் போகும்போது எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இதே மாதிரி வெளுத்த வேலிகளைப் பார்க்கிறேன். எல்லாரும் உரத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இட்லிப்பூ என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. சிலர் விருட்சி என்பார்கள். பழைய பெயர் வெட்சி. ஆநிரை கவரப் போன வீரர்கள் சூடிய பூ இது. அந்தத் திணைக்கே இதன் பெயர்தான். எதிர்வீட்டு மலையாளி அக்கா தெச்சி என்கிறார். மலாய்க்காரர்கள் ஜெஜாரும் என்பார்கள். ஜாரும் என்றால் ஊசி. விரியாத மொட்டைப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும். காப்பிச் செடியும் இதுவும் ஒரே குடும்பம். நான் வளர்ந்த தோட்டத்தில், பூவின் நடுவே நீட்டி நிற்கும் இழையை மெல்ல உருவி, அதன் அடியில் ஒட்டி வரும் ஒரு சொட்டுத் தேனை நக்காத பிள்ளை கிடையாது. ஒரு பூவின் குழலை இன்னொன்றின் வாயில் செருகிச் செருகி, நூலே இல்லாமல் வளையல் செய்வோம். அதனால்தான் இந்த வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் நட்டது இதை. செவ்வாய், வெள்ளிகளில் முருகன் படத்துக்கு ஒரு கொத்து.

2023 கடைசியில் வீட்டு முன்பக்கத்துக் கார் போர்ச்சை நீட்டிக் கட்டினோம். வேலை முடிந்தது, ஆட்கள் போய்விட்டார்கள், செடிகள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. அடுத்த வருடம் பூ குறைந்தது. 2025 பிப்ரவரியில் வேலி முழுக்க ஒரு வெளிறிய மஞ்சள். தூரத்திலிருந்து பார்த்தால் தளிர் விட்ட மாதிரி அழகாகக்கூட இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், புது இலைகள் வெற்றிலை பழுத்த நிறத்தில், விளிம்பு கருகி நிற்கின்றன.

முதலில் வீட்டில் இருந்ததெல்லாம் போட்டோம். நான் கடையில் வாங்கிய மணி மணியான பூ உரம் போட்டேன். அம்மா முட்டை ஓட்டை இடித்துப் போட்டார், விளக்குச் சாம்பலையும் அங்கேயே கொட்டினார். அப்பா ரப்பர் தோட்டத்திலும் பிறகு செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலும் உரம் போடும் கூட்டத்தில் வேலை செய்தவர். "தோட்டத்துல மண்ணு புளிச்சிப் போனா சுண்ணாம்புக்கல்லு மாவுதாம்மா போடுவோம், ரெண்டு மாசத்துல எழுந்துரும்" என்று சொல்லி ஒரு மூட்டை வாங்கி வந்து, கையால் அளந்து அளந்து தூவினார். அவ்வளவு சீராகத் தூவினார். ஏப்ரலில் செடிகள் இன்னும் வெளுத்தன. சில நுனிகளில் இலை தாள் மாதிரி வெள்ளையாகவே வந்தது.

அப்போதுதான் நான் உரத்தை நிறுத்திவிட்டு இலையைப் பார்க்கத் தொடங்கினேன். முதல் நாளே அதைச் செய்திருக்க வேண்டும்.

ஒரு கிளையை ஒடித்து மேசையில் வைத்து, நுனியிலிருந்து அடிவரை ஒவ்வொரு ஜோடி இலையாகப் பார்த்தேன். நுனியில் இருந்த இலைகள் மஞ்சள், ஆனால் நரம்புகள் மட்டும் பச்சை, வலை பின்னிய மாதிரி. கீழே போகப் போகப் பச்சை கூடியது. அடி இலைகள் நல்ல கரும்பச்சை. இந்த வரிசைதான் விஷயத்தைச் சொல்கிறது. தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால் செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிடும். அதனால் கீழ் இலைதான் முதலில் பழுக்கும். சாம்பல்சத்து குறைந்தாலும் பழைய இலையில்தான் தெரியும், இட்லிப்பூவில் அது ஊதாப் புள்ளிகளாக வரும். இரும்பு அப்படி இல்லை. ஓர் இலைக்குப் போன இரும்பை அங்கிருந்து நகர்த்த முடியாது. வேர் புதிதாக எடுத்து அனுப்பாவிட்டால் தளிர் வெறுங்கையோடுதான் பிறக்கும். எங்கள் செடியில் பட்டினி கிடந்தவை தளிர்கள்.

சரி, இரும்பு இல்லை. ஆனால் நம் ஊர்ச் செம்மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? அந்தச் சிவப்பே இரும்புதான். இங்கேதான் நான் நாள் கணக்கில் யோசித்தேன். இரும்பு மண்ணில் இருக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் மண் காரமாகிவிட்டது என்று அர்த்தம். கார மண்ணில் இரும்பு கரையாத துருவாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். இட்லிப்பூ புளிப்பு மண்ணுக்குப் பழகிய செடி. மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் எண் பிஎச்: 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அது 5க்கும் 6க்கும் நடுவில் இருந்தால் இட்லிப்பூவுக்குச் சந்தோஷம். பினாங்குத் தீவு கருங்கல் மலை. அந்தக் கல் இற்று, மழையில் அலசி வந்த மண் இயல்பாகவே புளிப்பு. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் வழியில் பார்த்தால் தெரியும். பக்கத்துத் தாவரவியல் பூங்காவே 1884இல் பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் தொடங்கியதுதான். பத்துமலை வேறு, அது சுண்ணாம்புக்கல். எங்கள் செடிகள் தண்ணீர்மலை இருக்கும் தீவில் நின்றுகொண்டு பத்துமலைப் பாறை இடுக்கில் நிற்கிற மாதிரி வாடின. ஏன் என்பதற்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

சோதனைக்கு அம்மா ஒரு யோசனை சொன்னார். நாசி கெராபு சோற்றுக்கும் நியோன்யா பலகாரத்துக்கும் நீல நிறம் தருவது சங்குப்பூ. அந்த நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், காரம் பட்டால் பச்சைப் பக்கம் திரும்பும். வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து பத்துப் பூ பறித்துச் சுடுநீரில் போட்டோம். மோட்டார் பட்டறையில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கினேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதற்கே ஒரு பிஎச் உண்டு. சுவரோரம், செடியின் தூர், பின்பக்கத் தொட்டி என்று மூன்று இடத்து மண்ணை எடுத்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்று கலக்கி, ஒரு மணி நேரம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் நீலத்தில் ஊற்றினோம். சுவரோர மண்ணின் தெளிவு பட்டதும் நீலம் கடல்பச்சை ஆனது. அம்மா டம்ளரைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டே நின்றார். மற்ற இரண்டிலும் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. சங்குப்பூ நல்ல காரத்தைக் காட்டிக்கொடுக்கும், சின்ன வித்தியாசத்தைச் சொல்லாது.

எண் தெரிய வேண்டுமே என்று மீன் தொட்டிக் கடையில் பிஎச் சொட்டு மருந்து வாங்கினேன். சுவரோரம் 8.4. செடியின் தூருக்குக் கிட்ட 7.6. பின்பக்கம் தொட்டியில் இருக்கும் ஒரே ஓர் இட்லிப்பூ, அது மட்டும் கரும்பச்சையாக நின்றது, அதன் மண் 6க்கும் கீழே. அந்த மருந்தில் 6க்குக் கீழ் நிறமே இல்லாததால் சரியான எண் கிடைக்கவில்லை. அதற்கு மேல் எனக்கும் தேவைப்படவில்லை.

அன்று மாலையே சுவரோரம் சங்கோலால் (மண்வெட்டியால்) ஒரு கொத்து கொத்தினேன். நான்கு விரல் கறுப்பு மண்ணுக்குக் கீழே டங்கென்றது. உடைத்த பழைய தரை, இறுகிப்போன சிமெண்டுக் கலவை, கலவை வாளி கழுவி ஊற்றிய வெள்ளைப் படிவம். மீந்ததையெல்லாம் செடிக்கும் சுவருக்கும் நடுவே தள்ளி, மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு துண்டில் வினிகர் ஊற்றினேன், நுரைத்துப் பொங்கியது. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வேருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அதன் மேல் நாங்கள் முட்டை ஓடு, சாம்பல், சுண்ணாம்புக்கல் மாவு என்று சேர்த்திருக்கிறோம். அப்பா அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோட்டத்து மண்ணுக்கு அவர் செய்தது சரி. அந்த மண் புளிப்பு. இது வேறு மண், எங்கள் வாசலிலேயே யாரோ மாற்றி வைத்துவிட்டுப் போன மண்.

தோண்டுவதற்கு அப்போது மனம் வரவில்லை. ஏப்ரல் வெயில், செடிகளும் மெலிந்திருந்தன. முதலில் தளிர்களைக் காப்பாற்றலாம் என்று முடிவு செய்தேன்.

துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்லி நிறையப் பேர் சொன்னார்கள். வேண்டாம். கரையாத துரு ஏற்கெனவே மண் நிறைய இருக்கிறது, இன்னும் ஒரு பிடி துரு என்ன செய்யும்? நான் செய்தது, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் இரும்பு சல்பேட், கூடவே ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, இவற்றைக் கலந்து மாலை வெயில் தாழ்ந்ததும் இலையின் இரண்டு பக்கமும் தெளித்தது. பத்து நாளில் மருந்து பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் பச்சை திரும்பியது. படாத இடம் மஞ்சளாகவே இருந்தது. இரும்புதான் குறை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் தெளித்தபோது போர்ச்சின் புதுத் தரை ஓட்டில் சிந்தியதை நான் துடைக்கவில்லை. மறுநாள் காலை வரிசையாகத் துருக்கறை. எலுமிச்சை உப்பைக் குழைத்துப் பூசித் தேய்த்து முக்கால்வாசி போனது, ஓடுகளுக்கு நடுவே உள்ள கோடுகளில் இன்னும் இருக்கிறது. இரும்பு சல்பேட் கலப்பதற்கு முன் பழைய தாளையோ பிளாஸ்டிக் விரிப்பையோ தரையில் விரித்துவிடுங்கள்.

இலையில் தெளிப்பது அந்த இலைக்கு மட்டும்தான். அடுத்த தளிர் மறுபடி மஞ்சள். அதனால் மே மாதம் வேரில் ஊற்றும் இரும்பு வாங்கினேன். இதில் கவனம் வேண்டும். கடையில் கிடைக்கும் இரும்புச் சத்து எல்லாம் ஒன்றல்ல. ஈ.டி.டி.ஏ. (EDTA) என்று போட்டிருப்பது பிஎச் ஆறரை வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கும். டி.டி.பி.ஏ. (DTPA) ஏழைத் தாண்டிக் கொஞ்ச தூரம். எங்கள் மாதிரி எட்டைத் தாண்டிய மண்ணுக்கு ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று எழுதியிருப்பதுதான் வேண்டும். விலை கூட, ஆனால் மற்ற இரண்டும் இந்த மண்ணில் வீண். கருஞ்சிவப்புத் தூள், தண்ணீரில் போட்டால் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். செடிக்கு 5 கிராம் 5 லிட்டரில் கலந்து, சூரியன் இறங்கியதும் தூரைச் சுற்றி ஊற்றி, மேலே வெறும் தண்ணீரும் விட்டேன். வெயில் பட்டால் இந்த மருந்து சிதைந்துவிடும், அதனால் மண்ணுக்குள் இறங்க வேண்டும்.

மூன்று வாரத்தில் வந்த தளிர் பச்சை. செம்பு கலந்த அந்தப் பச்சையைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அம்மா ஒரு தளிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் எல்லாருக்கும் தேநீர் கலக்கினார்.

ஆகஸ்டில் மறுபடியும் நுனி வெளுக்கத் தொடங்கியது. அடியில் அந்தக் குப்பை இருக்கும் வரை இப்படித்தான், ஆயுசுக்கும் மருந்து ஊற்ற வேண்டியதுதான் என்று புரிந்தது. கந்தகத் தூள் போட்டால் மண் புளிக்கும் என்பது உண்மை. மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று அமிலமாக்கும், அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். ஆனால் சிமெண்டுக் கட்டிகள் உள்ளே கிடந்தால் வருகிற அமிலத்தை எல்லாம் அவை குடித்துவிடும். தோண்டாமல் வழியில்லை.

செப்டம்பரில் மழை பிடித்ததும் தோண்டினோம். நான், அப்பா, விடுமுறைக்கு வந்திருந்த தம்பி. அதற்கு ஒரு வாரம் முன்பே செடிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டேன், வேர் குறையும்போது இலையும் குறைந்திருக்க வேண்டும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட்டோம். ஒவ்வொரு தூரையும் சுற்றி ஒரு முழம் அகலம் விட்டுக் கீறி, வேர் மண்ணோடு தூக்கி, காலி அரிசிப் பையில் இறக்கி, போர்ச் நிழலில் வைத்தோம். லோங்காங் (சாக்கடை) ஓரத்து இரண்டு செடிகளின் வேர் நேராகக் கலவைக் கட்டியைச் சுற்றிப் பிடித்திருந்தது. பிரிக்கப் பார்த்து வேர் கிழிந்துவிட்டது. அந்த இரண்டும்தான் பிறகு பிழைக்கவில்லை.

நாலரை மீட்டர் நீளம், ஒன்றரை அடி ஆழம். வெளியே எடுத்தது 18 கோணிப்பை கட்டடக் குப்பை. தம்பி எண்ணினான். கையில் படாத பொடியை ஜல்லடை வைத்துச் சலித்தோம், அதற்கே இரண்டு நாள். சுவர்ப் பக்கம் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பைச் செங்குத்தாக இறக்கினேன். சுவரும் அடித்தளமும் சிமெண்டுதானே, அவையும் மழைக்குக் கசியும். செடிகளையும் முன்பு இருந்ததைவிட ஓர் அடி தள்ளி வெளியே கொண்டுவந்தேன்.

நிரப்ப பாலிக் பூலாவ் பக்கத்து நர்சரியிலிருந்து மண் எடுத்தோம். மூன்று பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு மக்கிய இலை உரம். கடைக்காரர் சுட்ட மண்ணும் தந்தார், மற்ற செடிகளுக்கு நல்லதுதான், ஆனால் அதில் சாம்பல் இருக்கும், இதற்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். காப்பிக் கடைச் சக்கையும் கேட்டு வாங்கியிருந்தேன். அது மண்ணைப் புளிப்பாக்கும் என்று சொல்வார்கள். காப்பியின் புளிப்பு வடித்த தண்ணீரோடு போய்விடுகிறது, சக்கை ஏறக்குறைய நடுநிலைதான். மக்கினால் மண் பொலபொலப்பாகும், அதற்காகக் கலந்தேன். கந்தகத் தூள் சதுர மீட்டருக்கு 40 கிராம் போட்டுக் கிளறிவிட்டு, மேலே காய்ந்த இலையைக் கனமாகப் பரப்பினோம்.

அக்டோபர் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. இலைகள் உதிர்ந்தன, குச்சிகள் நின்றன. இரண்டு செடி கருகியது. தினமும் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன், உள்ளே பச்சை இருந்தால் அன்றைக்கு நிம்மதி.

நவம்பரில் துளிர்த்தன. என்ன உரம் போடலாம் என்று நான் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாதான் வழி சொன்னார். "சல்பேட் போடும்மா. தோட்டத்துல அதையே போட்டுப் போட்டுத்தான் மண்ணு புளிக்கும், அதுக்கப்புறம்தான் சுண்ணாம்பு மாவு." அம்மோனியம் சல்பேட். தழைச்சத்தும் தரும், மண்ணையும் புளிப்புப் பக்கம் இழுக்கும். தோட்டத்தில் எது தொல்லையோ அதுவே இங்கே எங்களுக்கு வேண்டியது. சதுர மீட்டருக்கு 20 கிராம், மாதம் ஒருமுறை, மழை ஈரத்தில். அளந்து தூவுவது அப்பாவின் வேலை. இன்றைக்கும் அவர்தான் செய்கிறார், வேறு யாரையும் விடுவதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், கத்தரிப்பு. மாதம் ஒருமுறை புல் வெட்ட வருபவர் வேலியையும் மெஷினால் மேசை மாதிரி மட்டமாக வெட்டிவிட்டுப் போவார். இட்லிப்பூ கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். நுனி முற்றி மொட்டாக இரண்டு மாதமாவது வேண்டும். மாதாமாதம் வெட்டினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது. இப்போது வேலியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூத்து ஓய்ந்த கொத்தை மட்டும், அதன் கீழே இரண்டு ஜோடி இலை சேர்த்து, கையால் ஒடித்துவிடுகிறோம். வேலி கொஞ்சம் கலைந்த தலை மாதிரிதான் இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பூச்சித் தொல்லை அதிகமில்லை. தளிரில் அசுவினி வந்தது, எறும்பு ஏறியதும் தெரிந்துகொண்டேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததிலேயே போய்விட்டது.

டிசம்பர் நடுவில் மூன்றாவது செடியில் முதல் ஊசிக் கொத்து. ஜனவரி வெயில் பினாங்கில் நன்றாகக் காயும், மழை குறைவு, இட்லிப்பூவுக்கு வெயில் நிறைய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு செடிகள் பூத்தன. தைப்பூசத்துக்கு முந்தின இரவு அம்மா ஒரு தட்டு நிறையப் பறித்தார். வெள்ளி ரதம் எங்கள் கையெட்டும் தூரத்தில் வரவில்லை, கூட்டம் அப்படி. அதனால் மறுநாள் தண்ணீர்மலையில் படியேறிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

போன வாரம் மண்ணை மறுபடி பார்த்தேன். செடியின் தூரில் 6.4. மிஞ்சியவற்றில் லோங்காங் பக்கக் கடைசி இரண்டு செடிகளில் 7.2, நுனி லேசாக வெளுப்பு. அந்த மூலையில் சுவரின் அடித்தளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, விரிப்பு அங்கே சரியாக இறங்கவில்லை. மே மாதம் தம்பி வருவான். அந்த மூலையை மட்டும் மறுபடி திறந்து விரிப்பை ஆழமாக இறக்க வேண்டும். செத்துப்போன இரண்டுக்குப் பதில் வைக்க, தொட்டிச் செடியிலிருந்து ஆறு குச்சி வெட்டி மணலில் நட்டு வைத்திருக்கிறேன். நான்கில் வேர் பிடித்திருக்கிறது.